வளர்ற பிள்ளைக்கு ஒரு படகு

என் சித்தப்பா பேசும்போது அவருடைய உதடு அசையாது. வாயில் எப்போதும் நாலைந்து குண்டூசிகள் இருப்பதால் வந்த பழக்கம். ஊசி இல்லாத நேரத்திலும் அது போகவில்லை. "உக்காருங்க, டீ சொல்லட்டுமா?" என்று அவர் பல்லிடுக்கில் கேட்டால், புதிதாக வந்தவர்கள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள்.

பள்ளிச் சீருடை தைப்பதுதான் அவர் தொழில். வேறு எதையும் கையால் தொடமாட்டார். இரண்டு மெஷின், ஒரு நீள மேஜை, சுவர் முழுக்க நீலமும் பழுப்பும் சாம்பலுமாகத் துணிக்கட்டுகள். பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்தில் அம்மாக்கள் கூட்டம் ரோடு வரைக்கும் நிற்கும். அவர்கள் இவரைத் தேடி வருவதற்கு ஒரே காரணம் மடிப்பு. சித்தப்பா தைக்கிற எல்லாவற்றிலும் உள்ளே நாலு விரல் அகலத்துக்குத் துணி மடிந்து கிடக்கும். பிள்ளை வளர வளரத் தையலைப் பிரித்துவிட்டுக்கொண்டே போகலாம். அவர் தைத்த சீருடை முதல் வருஷம் அப்பாவின் உடுப்பைத் திருடிப் போட்டது போலிருக்கும். இரண்டாம் வருஷம் சரியாக இருக்கும். மூன்றாம் வருஷம் வெளுத்துப்போயிருக்கும்.

"கை முழுக்க மூடுதே அண்ணா, இவன் எப்படி எழுதுவான்?" என்று ஓர் அம்மா இழுப்பார்.

"வளர்ற பிள்ளைம்மா" என்பார் சித்தப்பா, ஊசிகளுக்கு நடுவே.

அதற்கு மேல் எந்த அம்மாவும் பேசியதில்லை. என் பிள்ளை வளராது என்றா சொல்ல முடியும்?

கடையோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மனிதர் வாழ்க்கையையும் அப்படியே தைத்தார். கல்யாணமானதும் ஊருக்கு வெளியே ஒரு வீடு வாங்கினார். கடைசி பஸ் ஸ்டாப்பில் இறங்கி, பஸ் திரும்பிப் போவதைப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகும் நடக்க வேண்டும். "ஊர் வளருதுல்ல? கடைத்தெரு நம்ம வாசலுக்கே வந்துரும் பாரு" என்றார். ஊர் வளரத்தான் செய்தது. எதிர்ப்பக்கமாக.

சித்திக்கு ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்டரில் வேலை. "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பிட்டப்புறம்" என்று முகத்தைப் பார்க்காமல் சொல்கிற குரல். வீட்டிலும் அதே குரல்தான். இருட்டோடு கிளம்பி இருட்டோடு திரும்பிச் சில வருஷம் பார்த்தார். பிறகு ஒருநாள், மாத்திரை எடுத்துக் கொடுக்கிற அந்த நிதானத்திலேயே சொன்னாராம்: "எனக்கு பின்னாடி வரப்போற ஊர் வேணாம். எனக்கு இன்னிக்கு வேலை முடிஞ்சு வந்து படுக்கறதுக்கு ஒரு வீடு வேணும்." குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் இரண்டு அறை வீட்டுக்குப் போய்விட்டார். சண்டை இல்லை, வக்கீல் இல்லை. சனிக்கிழமை மதியம் குழந்தை அப்பாவிடம் வரும், ஞாயிறு சாயங்காலம் திரும்பிப் போகும். கூட்டி வருவதும் கொண்டுபோய் விடுவதும் என் பொறுப்பு. நான் சித்தப்பாவின் அண்ணன் மகள், சனி ஞாயிறு காலேஜ் கிடையாது, வாய் மட்டும் உண்டு. அதனால் எனக்கு அந்த வீட்டில் பெயர் வாயாடி.

குழந்தைக்கு ஆறு வயது. பெயர் என்னவோ நீளமாக வைத்தார்கள், கடையில் எல்லோருக்கும் அவள் பட்டன். அப்பா வாங்கிக் கொடுத்த ஷூவுக்குள் முன்பக்கம் பஞ்சு அடைத்துப் போட்டுக்கொண்டு, டொக் டொக்கென்று நடந்து வருவாள். அவளுக்கு ஒரு சைக்கிள் இருந்தது, ஏறி உட்கார்ந்தால் கால் பெடலைத் தொடாது. மழைக்கோட்டு கணுக்காலைத் தாண்டி ரோட்டைப் பெருக்கும். அதைப் போட்டுக்கொண்டு, "நான் கூடாரம், எனக்குள்ள ஆள் இருக்கு" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். ரொம்பப் பொறுமைசாலி. ஆறு வயதுக்கு அவ்வளவு பொறுமை ஆகாது.

சனிக்கிழமைகள் அவளுக்கு மேஜைக்கு அடியில்தான் கழியும். வெட்டுத்துண்டுகளை நிறம் நிறமாகப் பிரிப்பாள். அது முடிந்ததும் மறுபடி கலந்துவிட்டுப் பிரிப்பாள். சித்தப்பா மேலே மெஷினை ஓட்டிக்கொண்டே, "பட்டு, இருக்கியா?" என்பார். "இருக்கேன்ப்பா" என்று கீழிருந்து குரல் வரும். அவ்வளவுதான் பேச்சு.

பிறகு சனிக்கிழமையை ஒட்டி அவளுக்கு வயிற்றுவலி வர ஆரம்பித்தது. வெள்ளி ராத்திரி வரும், ஞாயிறு போய்விடும். மருந்துக் கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறவருக்கு அது என்ன வலி என்று தெரியாதா? சித்தி கடைக்கு வந்து நின்றபடியே சொன்னார்.

"அவளை நான் கட்டாயப்படுத்த மாட்டேன். லீவு முடியட்டும். ஸ்கூல் திறக்கறதுக்கு முன்னாடி அவளையே கேக்கப்போறேன், சனிக்கிழமை போறியா, வேணாமான்னு. அவ என்ன சொல்றாளோ அதான்."

"சின்னக் குழந்தை, அவளைப் போயா கேப்ப?"

"சின்னக் குழந்தைக்குத்தான வயித்த வலிக்குது."

அவர் போன பிறகு சித்தப்பா வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தார். நான் பார்த்தவரை கடை நேரத்தில் அவர் அப்படிச் செய்தது அன்றுதான்.

அடுத்த சனிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு எங்கள் இரண்டு பேரையும் ஏரிக்கரைக்குக் கூட்டிப் போனார். ஏரியில் பாய் கட்டிய சின்னச் சின்னப் படகுகள் வெள்ளையாகச் சாய்ந்து சாய்ந்து போய்க்கொண்டிருந்தன. பட்டன் நின்றுவிட்டாள்.

"அப்பா, அந்தத் துணியெல்லாம் யாருப்பா தெச்சது?"

சித்தப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே! எந்த ராஜாவுக்கும் அப்படிப் பட்டம் கட்டியிருக்க மாட்டார்கள்.

"நம்மளும் அதுல போலாமாப்பா? நீங்களும் நானும் மட்டும்?"

"போலாம்டா தங்கம். வாங்கிருவோம்."

வாடகைக்கு எடுப்போம் என்று சொல்லியிருக்கலாம். சித்தப்பா அகராதியில் வாடகை கிடையாது.

கரையில் ஒரு படகு கிளப் இருந்தது. அங்கே கற்றுக்கொடுப்பவர் வாயில் எந்நேரமும் விசில். ஆகவே விசில் மாஸ்டர். ஒருவர் விசிலை எடுக்காமல் பேச, இன்னொருவர் ஊசி இல்லாமலே பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொல்ல, முதல் நாள் அவர்கள் பேசிக்கொண்டதை நான் வீட்டில் நடித்துக் காட்டி அப்பாவுக்குப் புரையேறிவிட்டது. ஆனால் சித்தப்பா சீக்கிரம் கற்றுக்கொண்டார், அதைச் சொல்லியாக வேண்டும். கடைக்குப் போகும் முன் தினமும் காலையில் கிளப் படகில் ஏறினார். காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பது, கயிற்றை இழுத்துப் பாயை இறுக்குவது, சுக்கானைத் திருப்புவது எல்லாம் கைக்கு வந்துவிட்டது. மிச்சம் ஒரு படகுதான்.

விற்பதற்கு இரண்டு படகு இருந்தது. இரண்டும் ஒரே ஆளுடையது, ஒரு பல் டாக்டருடையது. அவருடைய பையன்கள் வளர்ந்து ஆளாகிவிட்டார்கள். கிளப் கொட்டகையில் எங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தபடி படுத்திருக்கிறவர்களிடமே பேசிப் பழகியவர், கேள்வியையும் அவரே கேட்டுப் பதிலையும் அவரே சொல்லிக்கொள்வார்.

"வாங்க, வாங்க. வெயிலா இருந்துச்சா? இருந்துச்சு. இதான் சின்னது. தொட்டி மாதிரி இருக்கா? இருக்கும். என் பசங்க இவ வயசுலதான் ஆரம்பிச்சாங்க. கவுந்தாலும் மூழ்காது, குழந்தையே நிமிர்த்திடலாம். கூட ஒரு பெரியவர் மடங்கி உக்காரலாம். முட்டி வலிக்குமா? வலிக்கும். பழகிடுமா? பழகாது."

அவர் சொல்லி முடிப்பதற்குள் பட்டன் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறியிருந்தாள். தரையில் கட்டைகள் மேல் நிற்கிற படகுதான். சுக்கான் பிடியில் கையை வைத்தாள். கை சரியாக அதைச் சுற்றி மூடியது. காலை நீட்டினாள். எதிர்ச்சுவரில் பாதம் பதிந்தது. அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். இது வரைக்கும் அவளுக்கென்று வாங்கிய எந்தப் பொருளும் அவளை அப்படிப் பிடித்துக்கொண்டதில்லை.

"வாயாடி அக்கா, நீ தண்ணி. சத்தம் போடு."

நான் தண்ணியானேன். சளக் சளக்கென்று கொட்டகை முழுக்கச் சத்தம் போட்டேன்.

"அப்பா, வாங்க. இங்க உக்காருங்க. இல்ல, இங்க. தலையைக் குனிங்க, பாய் திரும்புது!"

சித்தப்பா நிஜமாகவே ஏறினார். முட்டி காதைத் தொட மடங்கி உட்கார்ந்து, தலையைக் குனிந்தார். பட்டன் சுக்கானைத் தள்ளினாள். "இப்ப நிமிரலாம். பயப்படாதீங்கப்பா, நான் பாத்துக்கறேன்" என்றாள். பல் டாக்டர் கைகட்டிக்கொண்டு சிரித்தார். நான் காற்றுக்கு மாறினேன். அந்தக் கொட்டகையில் அவர்கள் இரண்டு பேரும் எவ்வளவு தூரம் போனார்கள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் எங்கேயோ போய்விட்டுத்தான் வந்தார்கள்.

இறங்கியதும் சித்தப்பா சட்டைப்பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்தார்.

பட்டனின் காலை அளந்தார். படகின் உள்நீளத்தை அளந்தார். நெற்றி சுருங்கியது.

"டாக்டர், இப்பவே கால் அந்தச் சுவத்தைத் தொடுதே!"

"தொடணும். தொட்டாத்தான் உதைச்சு உக்கார முடியும்."

"அப்ப அடுத்த வருஷம்?"

"கொஞ்சம் மடக்குவா. அதுக்கப்புறம் பத்தாது. பத்தலைன்னா என்ன பண்ணுவீங்க? வித்துடுவீங்க. இன்னொரு குழந்தை ஓட்டும். நானே அப்படி வாங்கினதுதான்."

"இப்பத்தான வாங்கறேன்! அதுக்குள்ள விக்கறதைப் பத்திப் பேசறீங்க." சித்தப்பாவின் பார்வை அடுத்த படகுக்குப் போய்விட்டது. அது நீளமாக, கூர்மையாக, பாய்மரம் கொட்டகைக் கூரைக்கு வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தது. "அது?"

"அது ரெண்டு ஆள் படகு. ரெண்டு பெரிய ஆள். காத்து அடிச்சா ஒரு பக்கமா சாயும். ரெண்டு பேரும் எதிர்ப்பக்க ஓரத்துல உக்காந்து, உடம்பை வெளிய சாச்சுக் கனம் குடுக்கணும். இவ கனம் என்ன? ஒண்ணுமில்ல. என் பல்லு பிடுங்கற பெட்டி இவளை விடக் கனம்."

"வளர்ந்துட்டா?"

"வளர்ந்துட்டா அருமையான படகு. ஆனா அதுக்கு…"

"வளர்ற பிள்ளை டாக்டர்."

பல் டாக்டர் வாயை மூடிக்கொண்டார். சித்தப்பாவுக்கு அந்த வித்தை யார் மேல் போட்டாலும் பலிக்கும்.

பட்டன் தொட்டிப் படகைவிட்டு இறங்கவில்லை. சுக்கானைப் பிடித்தபடியே சொன்னாள்.

"அப்பா, எனக்கு இது பிடிச்சிருக்கு."

"இது பாப்பாக்களுக்குடா. அதைப் பாரு, எவ்ளோ பெருசு! நீ பெரியவளாகி காலேஜ் போற வரைக்கும் வெச்சுக்கலாம்."

"நான் இப்ப இவ்ளோதானே இருக்கேன்?"

"இப்படியேவா இருக்கப்போற?"

தன்னுடைய காலைப் பார்த்தாள். பிறகு இறங்கி, ஷூவுக்குள் பஞ்சைச் சரிசெய்து காலை நுழைத்தாள். நான் வாயாடியாயிற்றே, சும்மா இருப்பேனா? "சித்தப்பா, அவ கேக்கறதை வாங்கிக் குடுங்க, ப்ளீஸ்" என்றேன். "நீ தண்ணி, சத்தம் மட்டும் போடு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், பட்டன் தவிர.

லைஃப் ஜாக்கெட்டும் அதே கதைதான். பத்து வயதுப் பிள்ளைகள் போடுகிற அளவு வாங்கி வந்தார். விசில் மாஸ்டர் அதைப் பட்டனுக்கு மாட்டி, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தார். அதுதான் கிளப் வழக்கம், தூக்கினால் குழந்தையும் சேர்ந்து எழும்ப வேண்டும். ஜாக்கெட் மட்டும் எழும்பி அவள் மூக்கை மூடியது.

"ம்ஹூம். சின்ன சைஸ் மாத்திட்டு வாங்க."

"மாத்த வேணாம் சார். நான் டெய்லர்" என்றார் சித்தப்பா.

அன்று சாயங்காலம் கடையில் உட்கார்ந்து அதைப் பிடித்தார். இரண்டு தோளிலும், இரண்டு விலாவிலும் துணியை மடித்து, கையாலேயே ஓட்டுத் தையல் போட்டார். நீள நீளமாக நூலோடுகிற தையல், ஒரு முனையை இழுத்தால் முழுக்கக் கழன்று வருகிற தையல்.

"மெஷின்ல அடிச்சா கெட்டியா இருக்காதா சித்தப்பா?" என்று கேட்டேன்.

"மெஷின்ல அடிச்சுட்டா அடுத்த வருஷம் பிரிக்கறப்ப துணியெல்லாம் ஓட்டை விழுந்துரும். இதுன்னா ஒரே இழு." சொல்லிக்கொண்டே அழகாக நூலை முடிந்து பல்லால் கடித்தார்.

மறுவாரம் மாஸ்டர் தோளைப் பிடித்து லேசாகத் தூக்கிப் பார்த்தார். ஜாக்கெட் பட்டனோடு ஒட்டிக்கொண்டு எழும்பியது. "பிரமாதம்!" என்று ஒரு விசில் அடித்தார். சித்தப்பா சீருடைக்கு மெடல் வாங்கிய மாதிரி சிரித்தார்.

வாங்கிய பெரிய படகு தண்ணீருக்குப் போனது. பட்டனுக்கு அதில் செய்ய ஒரு வேலையும் இல்லை. கயிறு அவள் மணிக்கட்டை விடத் தடிமன். சுக்கான் பிடி அவள் நெஞ்சுயரத்துக்கு வந்தது. ஓரத்தில் உட்கார்ந்தால் கால் அந்தரத்தில் தொங்கியது. போதாததற்குக் கனம் வேறு வேண்டும். ஆகவே கடைக்குப் பக்கத்து பேங்கின் கேஷியரைச் சித்தப்பா பிடித்து வந்தார். நல்ல பருமன், நல்ல மனிதர், குரல் மட்டும் டோக்கன் கூப்பிடுகிற குரல். "வலதுபுறம் சாய்கிறது. அடுத்து… இடதுபுறம்." சித்தப்பாவும் கேஷியரும் ஓரத்தில் சாய்ந்து உற்சாகமாகக் கத்திக்கொண்டு போக, நடுவில் பட்டன் பஸ்ஸில் மடியில் வைக்க இடமில்லாத மூட்டை மாதிரி உட்கார்ந்திருப்பாள்.

"அப்பா, எனக்கு என்ன வேலை?"

"நீ நல்லா பாத்துக் கத்துக்கடா."

"நம்ம ரெண்டு பேர் மட்டும்னு சொன்னீங்களே?"

"அங்கிள் கனத்துக்குடா."

கேஷியர் என்ன செய்வார் பாவம், "நான் வேணும்னா இறங்கிக்கட்டுமா?" என்றார் ஏரி நடுவில்.

லீவு முடிய இருந்த ஒரு சனிக்கிழமை கேஷியர் வரவில்லை. பேங்கில் கணக்கு முடிக்கிற நாள். காற்று காலையிலிருந்தே சரியில்லை. விசில் மாஸ்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பேசினார், அதுவே பெரிய எச்சரிக்கை.

"இன்னிக்கு வேணாங்க. ஆள் இல்லாம இந்தப் படகு எடுக்காதீங்க."

"இன்னிக்கு விட்டா எப்படி சார்? ரெண்டு பேரும் தனியா போகணும்னு குழந்தை ஆசைப்படுது" என்றார் சித்தப்பா. அது பொய்யில்லை. அவளைக் கேட்கப்போகிற நாள் நெருங்கிவிட்டது, அந்த அவசரமும் பொய்யில்லை. "கரையோரமாவே ஒரு சுத்து."

மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு தன் மோட்டார் படகைக் கிளப்பினார். நானும் தொற்றிக்கொண்டேன்.

கொஞ்ச தூரம் நன்றாகத்தான் போனது. பட்டன் திரும்பி எனக்குக் கைகூட ஆட்டினாள். பிறகு தண்ணீரின் மேல் கறுப்பாக ஒரு சுருக்கம் ஓடி வந்தது. பாய் படாரென்று நிரம்பியது. படகு ஒருக்களித்தது. சித்தப்பா எதிர் ஓரத்துக்குத் தாவி முழு உடம்பையும் வெளியே சாய்த்தார். "சாயி பட்டு! இந்தப் பக்கம் சாயி!" என்று கத்தினார். அவளும் சாய்ந்தாள், இருக்கிற கனத்தையெல்லாம் சேர்த்துச் சாய்ந்தாள். படகு அதைக் கண்டுகொள்ளவே இல்லை. மெதுவாக, அவசரமே இல்லாமல், அப்படியே கவிழ்ந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பட்டன் படகுக்கு இந்தப் பக்கம் மிதந்துகொண்டிருந்தாள். அழவில்லை. சித்தப்பா அந்தப் பக்கம் பாய்க்கு அடியிலிருந்து வெளியே வர முடியாமல் "பட்டு! பட்டு!" என்று கத்துவது கேட்டது. மாஸ்டர் குனிந்து, ஜாக்கெட்டின் இரண்டு தோளையும் பிடித்து, பலமாக மேலே தூக்கினார்.

பர்ரென்று ஒரு சத்தம். துணிக்கடையில் கேட்கிற சத்தம்.

மாஸ்டர் கையில் ஜாக்கெட் மட்டும் இருந்தது. பட்டன் அதற்குள்ளிருந்து நழுவிக் கீழே போய்விட்டாள். கடைசியாகத் தெரிந்தது அவளுடைய இரண்டு கைகளும்தான், மேலே தூக்கியபடி, சட்டை கழற்றும்போது குழந்தைகள் தூக்குவார்களே, அப்படி.

மாஸ்டர் ஜாக்கெட்டை எறிந்துவிட்டுத் தலைகீழாக உள்ளே போனார். அவளோடு மேலே வந்தார். சீக்கிரமாகத்தான் வந்தார் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். அதற்குள் சித்தப்பா படகைச் சுற்றி நீந்தி வந்திருந்தார். அவர் முதலில் பார்த்தது தண்ணீர் மேல் காலியாக மிதந்த ஜாக்கெட்டை. அவர் போட்ட சத்தத்தை எடுத்துச் சொல்ல என்னால் முடியாது.

கரையில் பட்டன் இருமினாள், தண்ணீர் துப்பினாள், துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். சித்தப்பா ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு நூலை விரலால் உருவிப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு நடுங்கியது. நான் மன்னிப்புதான் வரப்போகிறது என்று நினைத்தேன்.

"நூல் பழசு" என்றார். "பாலியஸ்டர் நூல் போட்டிருக்கணும். தண்ணில நனைஞ்சதும் காட்டன் நூல் விட்டுருச்சு."

மாஸ்டர் நனைந்த சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"நூலா? யோவ், என்னய்யா பேசற? குழந்தை போயிருக்கும்யா. நூல்ங்கற!"

"இல்ல சார், நான் என்ன சொல்றேன்னா…"

"அப்பா" என்றாள் பட்டன். பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. "அந்தச் சின்னப் படகு இருக்குல்ல? அது கவுந்தா நானே நிமிர்த்திடுவேன்னு டாக்டர் அங்கிள் சொன்னாருல்ல? அதை வாங்கலாமா? எனக்குத் தண்ணி பயமில்ல."

அந்தப் பிள்ளை அந்த நிமிஷத்திலும் அவருக்கு ஒரு வழி விட்டாள். நான் இரண்டு காதாலும் கேட்டேன். டாக்டரின் தொட்டி இன்னும் கொட்டகையில்தான் கிடந்தது, நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அதன் பின்பக்கம் தெரிந்தது. சித்தப்பா மகளின் தலையைத் துவட்டினார். ரொம்பப் பிரியமாகத் துவட்டினார்.

"நீ கொஞ்சம் வளர்ந்துட்டா நம்ம படகையே நிமிர்த்திடலாம்டா. ஒரு வருஷம், ரெண்டு வருஷம். அதுக்குள்ள எல்லாம் சரியாயிடும்."

பட்டன் கொட்டகைக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள்.

சித்திக்கு நானோ சித்தப்பாவோ சொல்வதற்கு முன்னால் மாஸ்டர் போன் செய்துவிட்டார். கிளப் சட்டம் அது. சித்தி ஆட்டோவில் வந்து, மகளைத் துண்டோடு தூக்கிக்கொண்டு போனார். ஆனால் அவர் சொன்ன சொல் சொன்ன சொல்தான். "நான் முடிவு பண்ண மாட்டேன். அவளைத்தான் கேப்பேன்னு சொன்னேன். வாங்க" என்று பள்ளி திறக்கும் முன் தகவல் அனுப்பினார். துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு சித்தப்பா போனார். இஸ்திரி போட்ட சட்டை, சவரம் செய்த முகம், சம்பந்தம் பேசப் போகிறவர் மாதிரி.

ஆஸ்பத்திரிப் பின்தெரு மாடி வீட்டில் முன்னறையில் மூன்று நாற்காலி. பட்டன் நின்றாள். காலில் செருப்பு, அவள் அளவுச் செருப்பு.

"அப்பா வந்திருக்கார் பாரு" என்றார் சித்தி, அதே கவுன்டர் குரலில். "இனிமே சனிக்கிழமை அப்பாகிட்ட போறியா? போறேன்னாலும் சரி, வேணாம்னாலும் சரி. யாரும் திட்ட மாட்டோம்."

பட்டன் அம்மாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "நான் சொன்னா அப்பா கேக்க மாட்டாரே" என்றாள்.

"இப்ப கேக்கறார். சொல்லு."

சித்தப்பா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "கேக்கறேன்டா தங்கம். சொல்லு."

"வேணாம்" என்றாள் பட்டன்.

சித்தப்பா தலையாட்டினார். சரி என்று சொல்ல வாயைத் திறந்தார் என்றுதான் நினைக்கிறேன். வந்தது வேறு. "இப்ப வேணாம்னா பரவால்ல. அடுத்த வருஷம் கொஞ்சம் பெரிய…"

"போதும்" என்றார் சித்தி. மருந்துச் சீட்டைத் திருப்பிக் கொடுப்பது போலிருந்தது. பட்டன் உள்ளறைக்குப் போய்விட்டாள். ஓடவில்லை, நடந்துதான் போனாள்.

இறங்கும்போது மாடிப்படியில் பாதியில் சித்தப்பா நின்றுவிட்டார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி கேட்டார்.

"வாயாடி, அவ எப்படிச் சொன்னா? பயந்து சொன்னாளா, கோவமா சொன்னாளா? எனக்குச் சரியா காதுல விழல. அவ சொன்ன மாதிரியே சொல்லிக் காட்டு."

எனக்கு யார் குரலும் வரும். அந்தக் குரலில் பயமும் இல்லை, கோபமும் இல்லை. கடைக்காரர் வேறு எதையோ எடுத்துக் காட்டும்போது, வாங்கப்போவதில்லை என்று தெரிந்தவர்கள் மரியாதையாகச் சொல்வார்களே, அந்தக் குரல்.

"வேணாம்" என்றேன்.

சித்தப்பா கண்ணை மூடிக் கேட்டார்.

"இன்னொரு தடவை சொல்லு" என்றார்.

சொன்னேன்.